திறந்த கல்வி வளம்: தேடுவதைவிட வெட்டுவதில்தான் வேலை இருக்கிறது

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்டது இது: "திறந்த கல்வி வளங்களைப் பயன்படுத்துங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேடினால் மலைமலையாய் வந்து விழுகிறது, எதை எடுப்பது? எடுத்ததை வெட்டி ஒட்டி என் குறிப்புகளோடு சேர்த்துக்கொண்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா? போன மாதம் அருமையான வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன், பிள்ளைகள் ரசித்தார்கள், தேர்வில் ஒன்றுமே எழுதவில்லை. எங்கே தப்பு?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் அந்த வீடியோவை யாரோ செய்து அனுப்பிய முழுச் சாப்பாட்டுப் பொட்டலம் மாதிரி அப்படியே பிரித்து வைத்துவிட்டீர்கள். அதைச் செய்தவருக்கு உங்கள் வகுப்பில் யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். திறந்த வளம் என்பதன் முழு அர்த்தமும் இதில்தான் இருக்கிறது: காசு கொடுக்காமல் கிடைப்பது அதில் பாதி, கை வைத்து மாற்ற அனுமதி இருப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை நம்மில் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. திறந்த புத்தகத்தையும் பூட்டிய புத்தகத்தைப் போலவே பக்கம் 1 முதல் நடத்திக்கொண்டு போகிறோம்.

"திறந்த கல்வி வளம்" என்ற பெயர் 2002இல் யுனெஸ்கோ பாரிசில் கூட்டிய ஒரு கூட்டத்தில் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடப்பொருள்களை எல்லாம் இணையத்தில் இலவசமாகப் போடப்போவதாக அறிவித்திருந்தது, அந்த வேகத்தில்தான் இந்தக் கூட்டமே. டேவிட் வைலி என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு வளம் "திறந்தது" என்று சொல்ல ஐந்து உரிமைகள் வேண்டும் என்பார். நகல் எடுத்து நாமே வைத்துக்கொள்ளலாம், நமக்கு வேண்டிய விதத்தில் பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு கலக்கலாம், கலந்ததை மற்றவருக்குக் கொடுக்கலாம். இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கைபேசியில் சேர்த்து வைத்திருக்கும் "இலவச" இணைப்புகளைத் திரும்பப் பாருங்கள். பாதிக்கு மேல் முதல் உரிமையிலேயே தேறாது. இலவசமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். தளம் நாளைக்கு மூடினால் உங்கள் பாடமும் மூடிக்கொள்ளும்.

சரி, தேடலுக்கு வருவோம். "மின்னோட்டம் பாடம்" என்று தேடினால் கிடைப்பது குப்பை. குப்பை என்று சொல்வதுகூடச் சரியில்லை, நல்லதும் கெட்டதும் கலந்த குவியல். தேடுவதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: என் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள்? மின்சாரத்தில் எனக்கு அந்த வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று நினைக்கிறார்கள்." தொடர் இணைப்பில் இரண்டு பல்பைப் போட்டால் முதல் பல்பு கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்பும் என்பது அவர்கள் கணக்கு. இதை எழுதிய பிறகு தேட வேண்டியது ஒரு பாடம் முழுவதும் அல்ல, பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே மின்னோட்டம் என்பதைக் கண்ணால் காட்டும் ஐந்து நிமிடச் சமாசாரம். தேடல் ஒரேயடியாகச் சுருங்கிவிடும்.

அப்புறம், எந்த மொழியில் தேடுவது? தமிழில் தேடினால் குறைவாகத்தான் வரும், ஆங்கிலத்தில் தேடச் சரியான கலைச்சொல் தெரிய வேண்டும், அது எப்போதும் நாக்கு நுனியில் நிற்காது. இதற்கு நான் செய்யும் எளிய வழி: தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவேன். தலைப்பே கலைச்சொல், முதல் பத்தியில் அதன் அக்காள் தங்கைச் சொற்களும் கிடைத்துவிடும். அவற்றை எடுத்துக்கொண்டு போய்த் தேடினால் வித்தியாசம் தெரியும். படங்களுக்கு ஓப்பன்வர்ஸ், விக்கிமீடியா பொதுவகம் இரண்டும் போதும். கூகுள் படத் தேடலிலும் பயன்பாட்டு உரிமை என்று ஒரு வடிகட்டி இருக்கிறது, அதைத் தட்டாமல் யாரும் கூகுளில் படம் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. வடிகட்டியும் தவறும் என்பதால் மூலப் பக்கத்துக்குப் போய் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

அறிவியலுக்கு முதலில் போக வேண்டிய இடம் ஃபெட். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில், இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய சிமுலேஷன் (திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் மாதிரி) திட்டம். மின்சுற்று அமைக்கும் சிமுலேஷன், அணுவைக் கட்டும் சிமுலேஷன், சமன்பாட்டைச் சமன்செய்யும் சிமுலேஷன் என்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால் இணையமே இல்லாத வகுப்பிலும் உலாவியில் ஓடும். இதைத் தெரியாமல் இணையம் வரவில்லை என்று பாடத்தை ஒத்திப்போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாடநூல் அளவுக்கு வேண்டுமென்றால் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ். அவை பெரும்பாலும் கல்லூரி மட்டத்துப் புத்தகங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் நேரே நீட்ட முடியாது, ஆனால் ஆசிரியர் தன் அடித்தளத்தைச் சரிபார்க்கவும் கணக்குகளை எடுத்து எளிமையாக்கவும் நல்ல சுரங்கம். வேதியியலுக்கு லிப்ரெடெக்ஸ்ட்ஸ். எந்தப் புத்தகம் தேறும் என்று முடிவெடுக்க மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் திறந்த பாடநூல் நூலகம் உதவும், அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியர்களே எழுதிய மதிப்புரைகள் புத்தகத்தின் கீழேயே இருக்கும். குறைகளையும் ஒளிக்காமல் எழுதியிருப்பார்கள், நான் முதலில் படிப்பதே அதைத்தான்.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருள். மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் சால்ஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது 2001இல் தொடங்கியது. கற்பிக்க இலவசம், வணிகத்துக்கு என்றால் தனி ஒப்பந்தம் வேண்டும், ஆகவே வைலியின் கண்டிப்பான அளவுகோலில் இது முழுசாகத் தேறாது. இருந்தாலும் விடமாட்டேன். ஒரு உதாரணம் சொல்கிறேன், இதை நடத்தாத கணித ஆசிரியர் இருக்கக் கூடாது. ஒய் = ஏ எக்ஸ் வர்க்கம் + பி எக்ஸ் + சி என்ற பரவளையத்தை வரைந்து, மூன்றுக்கும் நகர்த்தும் பட்டிகள் வையுங்கள். ஏயை நகர்த்தினால் வளைவு விரியும், குறுகும். சியை நகர்த்தினால் மேலும் கீழும் போகும். இவை எல்லோருக்கும் தெரியும். பியை நகர்த்தினால்? வகுப்பே ஒரே குரலில் "இடம் வலமாகப் போகும்" என்று சொல்லும். நகர்த்திப் பாருங்கள். அதன் முனை தலைகீழான இன்னொரு பரவளையத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். முனையின் தடத்தைப் பதியவிட்டால் கண்முன் வரைந்துகொண்டே வரும். ஏன் என்று நிரூபிக்க அவர்கள் படித்த இயற்கணிதமே போதும், முனையின் எக்ஸ் மதிப்பைப் போட்டுச் சுருக்கினால் ஒய் = சி − ஏ எக்ஸ் வர்க்கம் என்று வந்து நிற்கும். இதற்குத் தேடக்கூட வேண்டாம், பத்து நிமிடத்தில் நீங்களே செய்துவிடலாம்.

வரலாறு, சமூக அறிவியல் ஆட்கள் அருங்காட்சியகங்களை மறந்துவிடுகிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 2017இல் தன்னிடமுள்ள பொதுவுடைமைப் படைப்புகளின் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020இல் 28 லட்சம் படங்களோடு அதே வழியில் வந்தது. ஒரு பொருளின் படத்தை விளக்கம் இல்லாமல் போட்டு "இது எதற்குப் பயன்பட்டிருக்கும், செய்தவரிடம் என்ன கருவி இருந்திருக்கும்" என்று பத்து நிமிடம் பேசவிட்டுப் பாருங்கள். புள்ளிவிவரத்துக்கு "அவர் வேர்ல்ட் இன் டேட்டா" என்ற தளம். வரைபடத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல் அதன் கீழே இருக்கும் தரவை இறக்கிக் கொடுத்துப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். ஒரே தரவை அச்சின் அளவை மாற்றி மாற்றி வரைந்து ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பார்க்கும்போது அவர்கள் கற்றுக்கொள்வதை எந்தப் பாடநூலும் சொல்லித் தராது.

தமிழ்ப் பாடத்துக்கு வளம் இல்லை என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் வாசிப்பு நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இருக்கின்றன, திருத்தலாம், புதிதாக மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம். விக்கிமூலத்தில் பழைய நூல்கள் குவிந்து கிடக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பில் சங்க இலக்கியம் முதல் மின்னுரையாகத் தருகிறது, தலைப்புப் பக்கத்தை நீக்காமல் பகிரலாம் என்பது அதன் நிபந்தனை. அதாவது இது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற ஆயத்தப் பொது உரிமம் அல்ல, சொந்த நிபந்தனை. இப்படி ஒவ்வோர் இடத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற பழக்கம் வந்துவிட்டால் போதும், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி.

மீதிப் பாதி இது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன, இப்போது புழக்கத்தில் ஆறு இருக்கின்றன, ஆனால் நான்கு எழுத்துச் சோடிகள் புரிந்தால் ஆறும் புரிந்த மாதிரி. "பை" (BY) என்றால் பெயர் சொல்லிப் பயன்படுத்து. (எடுத்துப் பையில் போட்டுக்கொள் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.) "எஸ்ஏ" என்றால் மாற்றியதைப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர். "என்சி" என்றால் வணிகத்துக்கு ஆகாது. "என்டி" என்றால் மாற்றியதைப் பகிராதே. இந்த என்டி இருந்தால் அது நமக்குக் கண்காட்சிப் பொருள். உரிமத்தின் 4.0 பதிப்பில், மாற்றி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளத் தடையில்லை, பகிரத்தான் முடியாது. ஆனால் பகிரவே முடியாத பாடத்தை ராத்திரி உட்கார்ந்து யார் தயாரிப்பார்கள்? அதனால் என்டி என்று கண்டால் நான் மாற்று தேடப் போய்விடுவேன். இந்த ஆறுக்கும் வெளியே "சிசி ஜீரோ" என்று ஒன்று உண்டு, ஆக்கியவர் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்தது, பெயர்கூடச் சொல்லக் கட்டாயமில்லை, நான் சொல்லிவிடுவேன்.

ஒரு தளம் முழுவதும் ஒரே உரிமம் என்று நம்பாதீர்கள். ஓப்பன்ஸ்டாக்ஸில் வெறும் பை உரிமத்தோடு வந்த புத்தகங்கள் நிறைய உண்டு, அதன் நுண்கணிதப் புத்தகங்கள் என்சி, எஸ்ஏ இரண்டும் ஒட்டியவை. ஒரே புத்தகத்துக்குள் வேறு இடத்திலிருந்து கடன் வாங்கிய ஒரு நிழற்படம் தனி உரிமத்தோடு உட்கார்ந்திருக்கும், படத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். யூடியூபில் வழக்கமான உரிமம்தான் பெரும்பாலும், ஏற்றியவர் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் கிரியேட்டிவ் காமன்ஸ். வழக்கமான உரிமம் என்றால் இணைப்பைக் கொடுங்கள், இறக்கி வெட்டாதீர்கள்.

கலக்கும்போதுதான் உண்மையான சிக்கல். நானே மாட்டிக்கொண்டேன். உயிரணு பற்றி ஒரு பயிற்சித்தாள் செய்தேன். படம் விக்கிமீடியாவிலிருந்து, பை எஸ்ஏ. கேள்விகள் வேறோர் இடத்திலிருந்து, பை என்சி எஸ்ஏ. இரண்டையும் பிரிக்க முடியாதபடி குழைத்து, படத்தையே கேள்வியாக மாற்றி, மூன்று ராத்திரி உழைத்து முடித்தேன். இன்னொரு பள்ளி ஆசிரியர் இதைப் பொதுவில் ஏற்றலாமே என்று கேட்டபோதுதான் உறைத்தது. முதலாவது "என் உரிமத்திலேயே பகிர்" என்கிறது, இரண்டாவதும் "என் உரிமத்திலேயே பகிர்" என்கிறது, இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது. கேள்விகளை எல்லாம் தூக்கிவிட்டு நானே புதிதாக எழுத வேண்டியதாயிற்று. குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமத்தைத் தனியாகக் குறித்திருந்தால் தொகுப்பு என்ற கணக்கில் தப்பித்திருப்பேன். அதிலிருந்து எதையும் குழைக்கும் முன் முதலில் பார்ப்பது எஸ்ஏ எத்தனை இருக்கிறது என்பதைத்தான்.

பெயர் சொல்வதைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது நடக்கவே நடக்காது. படத்தை ஒட்டும் அதே நொடியில் நான்கு சங்கதிகளை அதன் அடியில் எழுதிவிடுங்கள்: தலைப்பு, ஆக்கியவர், எங்கிருந்து, என்ன உரிமம். மாற்றியிருந்தால் "பெயர்கள் தமிழாக்கப்பட்டன, இடப்பக்கம் வெட்டப்பட்டது" என்று ஒரு வரி கூடுதலாக. உரிமம் காட்டும் பக்கத்தையும், இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு நகல் போட்டுவிடுவேன். கிரியேட்டிவ் காமன்ஸில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆக்கியவர் பிறகு மனம் மாறி நீக்கினாலும், உரிமப்படி நடந்துகொள்ளும்வரை, நீங்கள் முன்பே எடுத்தது செல்லும். ஆனால் அப்போது அப்படித்தான் இருந்தது என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா?

"வகுப்பில் காட்டுவதற்குத்தானே, கல்விக்கு எல்லாம் விதிவிலக்கு உண்டே" என்பார்கள். உண்டு, நாட்டுக்கு நாடு அளவு மாறும். நான்கு சுவருக்குள் காட்டுவதும் அதையே இணையத்தில் போட்டுப் பரப்புவதும் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் ஒன்றல்ல. உங்கள் குறிப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் மறுநாள் எங்கே இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தரத்தை எப்படிப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். முழுவதையும் படித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த, வழக்கமாக எல்லோரும் சறுக்குகிற ஓர் இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். புவியியல் என்றால் பருவகாலம் ஏன் வருகிறது என்ற பக்கம்: சூரியனிலிருந்து தூரம் மாறுவதால் என்று எழுதியிருந்தால் மூடிவிடலாம், அச்சுச் சாய்வைச் சொல்லியிருந்தால் மேலே படிக்கலாம். உயிரியல் என்றால் தாவரம் பகலில் சுவாசிக்காது என்கிற மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பிழைதிருத்தப் பட்டியல் இருக்கிறதா? பிழைகளை ஒப்புக்கொண்டு பட்டியல் போடுகிற புத்தகத்தை நான் அதிகம் நம்புவேன். மூன்றாவது, திருத்தக்கூடிய கோப்பு கிடைக்கிறதா. உரிமம் தாராளமாக இருக்கும், கொடுப்பதோ வருடிய பிடிஎஃப், ஒரு சொல்லை மாற்ற முடியாது. கதவைத் திறந்துவைத்துப் படிக்கட்டை உருவிக்கொண்ட கதை. 2020க்கு முன் தொகுத்த பட்டியல்களில் ஃபிளாஷ் கோப்புகள் கிடந்தால் கண்டுகொள்ளாதீர்கள், அந்த ஆண்டு இறுதியோடு ஃபிளாஷின் கதை முடிந்துவிட்டது.

இனி, தமிழில் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, யாரும் எச்சரிக்காத ஒன்று. நம் கலைச்சொற்கள் ஒரே மாதிரி இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை வேறு, எடை வேறு. இலங்கைப் பாடநூலில் முதலாவதுக்குத் திணிவு என்று பெயர், இரண்டாவதுக்குப் பெயர் நிறை! ஒரு பக்கத்து நிறை மறுபக்கத்து எடை. தமிழ்நாட்டில் வேகம் என்பது திசை இல்லாத அளவு, திசையோடு என்றால் திசைவேகம். இலங்கையில் திசை இல்லாதது கதி, திசையோடு என்றால் அதுதான் வேகம். முடுக்கம் அங்கே ஆர்முடுகல். இரண்டும் அழகான சொற்கள்தான், எனக்கு ஆர்முடுகல்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் இரண்டு இடத்துப் பொருளை ஒரே பயிற்சித்தாளில் கலந்தால் பிள்ளை "நிறை எத்தனை நியூட்டன்" என்ற கேள்வியைப் பார்த்து விழிக்கும், தவறு அதன்மேல் இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பு இன்னும் மோசம், ஒரே பத்தியில் வேகத்தையும் திசைவேகத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுவிடும். அதை முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்துக்கொள்கிறேன். பிறகு உங்கள் பிள்ளைகள் கையில் இருக்கும் பாடநூலின் சொற்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் போக வேண்டும். குறுக்குவழி கிடையாது.

இப்போது வகுப்புக்குள் போவோம், அந்தப் பல்புக்கே. நான் முதன்முதலில் மின்சுற்றுச் சிமுலேஷனைக் காட்டிய வகுப்பு ஒரு திருவிழா. திரையில் போட்டேன், இழுத்தேன், இணைத்தேன், எரிந்தது, கைதட்டினார்கள். ஒருவன் மின்கலத்தைக் குறுக்கே இணைத்துத் தீப்பிடிக்க வைக்கலாம் என்று கண்டுபிடித்தான், மீதி நேரம் அதிலேயே போயிற்று. மறுவாரம் கேட்டால் பல்பு இன்னமும் மின்னோட்டத்தைத் தின்றுகொண்டிருந்தது. உங்கள் வீடியோவுக்கு நடந்ததும் இதுதான்.

அடுத்த ஆண்டு இப்படி மாற்றினேன். திரை அணைந்தே இருக்கும். பலகையில் தொடர் இணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்பு வரைந்து, எது அதிகமாக எரியும், ஏன் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும், பெயர் போட்டு. கைதூக்கச் சொல்லிக் கணக்கைப் பலகையில் எழுதினேன். முதல் பல்புதான் என்று பெரும்பாலோர், இரண்டும் சமம் என்று சிலர், இரண்டாவது என்று ஒன்றிரண்டு பேர். பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட மூன்று நிமிடம். அப்புறம்தான் திரை. இரண்டும் ஒரே அளவு எரிகிறது. சத்தம். "அப்படியானால் அம்மீட்டரை எங்கே வைத்தால் உங்கள் சந்தேகம் தீரும்?" என்று கேட்டேன், வைக்கச் சொன்ன இடத்தில் எல்லாம் வைத்தேன், முன், நடு, பின், எல்லாவற்றிலும் ஒரே எண். கடைசி எட்டு நிமிடம் தாங்கள் முதலில் எழுதியதைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். சிமுலேஷன் ஓடியது மொத்தம் ஆறேழு நிமிடம். அதே கோப்புதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. சுற்றிக் கட்டியதுதான் மாறியது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: இந்தச் சிமுலேஷன் எங்கே பொய் சொல்கிறது என்ற கேள்வி. எலெக்ட்ரான்கள் அதில் நீலக் குண்டுகளாக வரிசையில் உருண்டு வரும். உண்மையான கம்பியில் அவை சராசரியாக நகரும் வேகம் நத்தை வேகத்துக்கும் கீழே, அப்படியானால் ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஏன் உடனே எரிகிறது? இதில் தொடங்கிய பேச்சு மணி அடித்த பிறகும் ஓயவில்லை. எந்த மாதிரியும் எதையாவது மறைத்துத்தான் எதையாவது காட்டும், அதைப் பிள்ளைகளிடம் ஒளிக்க வேண்டியதில்லை.

வீடியோவுக்கும் இதே வைத்தியம்தான். பன்னிரண்டு நிமிட வீடியோவில் உங்களுக்கு வேண்டியது தொண்ணூறு வினாடி இருக்கும். முடிவு வெளிவருவதற்கு ஒரு கணம் முன்னால் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று எழுதச் சொல்லுங்கள். வீடியோவுக்கு நடுவிலேயே கேள்வி எழ வேண்டும் என்றால் எச்5பி என்ற இலவசக் கருவி இருக்கிறது, குறிப்பிட்ட வினாடியில் நின்று கேள்வி கேட்கும்படி நாமே அமைக்கலாம், செய்ததை மற்றவர் இறக்கித் திருத்தும்படி விடவும் அதிலேயே வசதி உண்டு. கணினி அறை இருந்து இணையம் இல்லாத பள்ளிகளுக்கு கோலிப்ரியும் கிவிக்ஸும். முதலாவது வகுப்புகளையும் பயிற்சிகளையும் ஒரு கணினியில் இறக்கி வைத்துப் பக்கத்துக் கணினிகளுக்குப் பகிரும், இரண்டாவது விக்கிப்பீடியாவையே முழுசாகச் சுருட்டிக் கையில் கொடுக்கும்.

நேரத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பவர்கள் இதைச் செய்து பார்த்ததில்லை. முதல் ஆண்டு தின்னும். அதனால் எல்லாப் பாடத்துக்கும் தொடங்காதீர்கள். ஒரு பருவத்துக்கு இரண்டே இடம், பிள்ளைகள் ஆண்டுதோறும் தவறாமல் விழுகிற இரண்டு இடம். தேடலுக்கு நாற்பது நிமிடம் என்று கடிகாரம் வையுங்கள், அதற்குள் கிடைக்கவில்லை என்றால் நீங்களே பலகையில் வரைவதே வேகம். கிடைத்ததை ஒரு விரிதாளில் எழுதுங்கள்: எந்தத் தடுமாற்றத்துக்கு, எங்கே, என்ன உரிமம், எந்த வினாடியிலிருந்து எந்த வினாடி வரை, வகுப்பில் என்ன நடந்தது. கடைசி நெடுவரிசைதான் முக்கியம். என் தாளில் ஒரு வரி "படம் அழகு, யாருக்கும் புரியவில்லை, இனி வேண்டாம்" என்று இருக்கிறது. அதைப் படித்திராவிட்டால் அடுத்த ஆண்டும் அந்த அழகில் மயங்கியிருப்பேன்.

உங்கள் அடுத்த பாடம் ஒளி என்று சொல்லியிருந்தீர்கள். "ஆடியிலிருந்து பின்னால் தள்ளி நின்றால் உடம்பு இன்னும் அதிகமாகத் தெரியும்" என்று நினைக்கிறார்களா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் ஆமாம் என்கிறார்கள் என்று எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கை கையில் இருந்தால் எதைத் தேடுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.